குழாய் உணவும் வென்டிலேட்டரும்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

திருநெல்வேலியில் செவிலியர் படிப்பை முடித்து, திருமணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த முதல் வருடம் சுற்றிலும் ஆங்கிலமும் ஜூலுவும்தான். அவசரத்தில் குழம்பிவிடக் கூடாது என்று எனக்காகத் தமிழில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். அந்தப் பக்கங்கள்தான் இவை. வென்டிலேட்டரில் இருந்துகொண்டு மூக்குக்குழாய் வழியாக உணவு பெறும் நோயாளியைக் கவனிக்கும் செவிலியருக்காக எழுதுகிறேன். உறவினர்கள் படித்தால் கேள்வி கேட்க உதவும். எந்தக் குழாயையும் தாங்களாகத் தொட வேண்டாம். உங்கள் பிரிவின் எழுத்து விதி வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எந்த அறிகுறிக்கும் ஒரே முதல் படி: திரையைப் பார்ப்பதற்கு முன் நோயாளியைப் பாருங்கள். உதட்டின் நிறம், இரண்டு பக்கமும் மார்பு ஏறி இறங்குவது, ஆக்சிஜன் அளவு. அளவு இறங்கிக்கொண்டே போய், காரணம் உடனே பிடிபடவில்லை என்றால் வென்டிலேட்டரைக் கழற்றி, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பூ பையால் 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்தபடி மருத்துவரைக் குரல் கொடுத்து அழையுங்கள். உணவுப் பம்பை யாராவது நிறுத்தட்டும். மற்றதெல்லாம் பிறகு.

## சக்‌ஷனில் உணவு நிறத்தில் திரவம் வருகிறது

பம்பை நிறுத்துங்கள். தலையை உயர்த்துங்கள். வாய், தொண்டை, பிறகு சுவாசக் குழாய் என்று உறிஞ்சி எடுங்கள். மருத்துவருக்குத் தெரிவியுங்கள், இந்த அறிகுறிக்கு "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்பது கிடையாது. அவர் வருவதற்குள் கீழே உள்ளவற்றைச் சரிபார்க்கலாம்.

தலைமாடு இறங்கியிருக்கிறதா? 30 முதல் 45 டிகிரி வேண்டும். கட்டிலில் இருக்கும் அளவுகோலை மட்டும் நம்பாதீர்கள். அளவுகோல் 40 காட்டும். நோயாளியோ கால்மாட்டுக்குச் சறுக்கி, இடுப்பில் மடங்கி, வயிறு நசுங்கிக் கிடப்பார். அது 40 டிகிரி ஆகாது. இரண்டு பேராக மேலே இழுத்துப் படுக்க வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முதுகெலும்பு அடிபட்டவர் என்றால் இடுப்பை மடக்காமல் கட்டில் முழுவதையும் தலைப்பக்கம் உயரும்படி சாய்க்க வேண்டும். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்திலேயே சரியாகின.

மூக்குக்குழாயில் மூக்கருகே உள்ள சென்டிமீட்டர் குறி நகர்ந்திருக்கிறதா? முதல் எக்ஸ்ரேயில் இடம் உறுதியானபோது எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும், மருந்து கொடுக்கும் முன்னும், வாந்திக்கும் பலத்த இருமலுக்கும் பிறகும் இதைப் பார்க்க வேண்டும். டார்ச் அடித்து வாய்க்குள்ளும் பாருங்கள். மூக்கில் குறி சரியாக இருக்க, குழாய் தொண்டையில் சுருண்டு கிடப்பதுண்டு. சிரிஞ்சில் காற்றைச் செலுத்தி வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றில் கேட்கும். உறிஞ்சிய திரவத்தின் pH எண் 5.5 அல்லது அதற்குக் கீழே (எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) என்றால் இரைப்பைதான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அமிலத்தைக் குறைக்கும் மருந்து போகும் நோயாளிக்கும், தொடர்ந்து உணவு ஓடும் நோயாளிக்கும் எண் கூடுதலாகவே வரும். சந்தேகம் என்றால் எக்ஸ்ரே. அதுவரை ஒரு துளி நீர்கூட உள்ளே போகக் கூடாது. மயக்கத்தில் இருப்பவருக்குக் குழாய் தவறான வழியில் போனாலும் இருமல் வராது என்பதை மறக்கக் கூடாது. சுவாசக் குழாயைச் சுற்றி மூச்சுக்குழலுக்குள் ஊதி வைக்கும் பலூனான கஃப் அதைத் தடுத்துவிடும் என்பதும் உண்மையல்ல.

கஃப் அழுத்தம் எவ்வளவு? 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் இருக்க வேண்டும். 20-க்குக் கீழே போனால் தொண்டையில் தேங்கியது கசிந்து இறங்கும். 30-க்கு மேலே போனால் மூச்சுக்குழலின் உட்சுவர் இரத்த ஓட்டமின்றிப் புண்ணாகும். வெளியே தொங்கும் சிறு பலூனை விரலால் அழுத்திப் பார்ப்பது அளவாகாது. அழுத்தமானியால் ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது, ஸ்கேனுக்குப் போய் வந்த பிறகு கட்டாயமாக, அளவிடுங்கள்.

இந்த மூன்றும் சரி என்றால் இரைப்பை காலியாகவில்லை என்று பொருள். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

உணவில் நீலச் சாயம் கலந்து, சளி நீலமாக வருகிறதா என்று பார்க்கும் வழக்கம் முன்பு இருந்தது. அந்தச் சாயம் உடலில் ஏறி உயிரிழப்புகள் நேர்ந்ததாக வந்த தகவல்களை அடுத்து 2003-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. யாராவது மூத்தவர் சொன்னாலும் செய்யாதீர்கள்.

## வயிறு உப்புகிறது, வாந்தி வருகிறது, எச்சம் அதிகமாக இருக்கிறது

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இரைப்பையிலிருந்து 200 மில்லி எச்சம், அதாவது செரிக்காமல் தங்கிய உணவும் நீரும், வந்தாலே பம்பை அணைத்துவிடுவோம். நாலு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்போம், மறுபடி அணைப்போம். அப்படி எத்தனை பேரைப் பட்டினி போட்டோம் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. 2013-இல் பிரான்ஸில் 449 வென்டிலேட்டர் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், எச்சத்தை அளக்காமலே உணவு கொடுத்தவர்களுக்கு நிமோனியா கூடவில்லை. 2016-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், வேறு அறிகுறி இல்லாதபோது 500 மில்லிக்குக் குறைவான எச்சத்துக்காக உணவை நிறுத்த வேண்டாம் என்றது. எண்ணைவிட வயிற்றைப் பாருங்கள் என்பதே என் கட்சி.

மலிவான காரணத்திலிருந்து தொடங்குங்கள். படுக்கை நிலை சரியா? கடைசியாக மலம் போனது எப்போது? மார்ஃபின், ஃபென்டனில் போகும் நோயாளிக்கு நாலைந்து நாள் மலம் போகாமல் இருப்பதை யாரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். மலச்சிக்கல் தீர்ந்ததும் "உணவு ஒத்துக்கொள்ளவில்லை" என்ற புகார் தானாக மறைவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். அடுத்து, உணவு ஒரே மூச்சில் போகிறதா, பம்பில் சீராகப் போகிறதா? பொட்டாசியம் குறைந்திருக்கிறதா? இவையும் சரி என்றால் மெட்டோகுளோபிரமைட் அல்லது எரித்ரோமைசின் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், இரண்டாவதற்கு ஈ.சி.ஜி. பார்க்க வேண்டியிருக்கும். கடைசி வழி, குழாயின் நுனியை இரைப்பைக்கு அப்பால் சிறுகுடலுக்குள் செலுத்துவது. அது மருத்துவரின் வேலை.

வயிறு பலகைபோல் இறுகியிருந்தாலும், தொட்டால் முகம் சுளித்தாலும், பச்சையாகவோ இரத்தமாகவோ வாந்தி வந்தாலும், இரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போகும்போது வயிறும் சேர்ந்து உப்பினாலும், உணவை அப்போதே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். குடலுக்கு இரத்தம் போகாத நிலையாக இருக்கலாம்.

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வரும் குடும்பங்கள் பிளாஸ்கில் ரசமோ கஞ்சித் தண்ணீரோ கொண்டுவந்து, "சிஸ்டர், அம்மாவுக்கு இதைக் கொஞ்சம் குழாயில் விடுங்களேன், அந்தப் பாலில் என்ன இருக்கிறது" என்று கேட்பார்கள். அந்தக் கையை வெறுங்கையாகத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது. ரசத்தின் புளியும் திப்பியும் குழாயை அடைக்கும், கஞ்சியில் புரதம் போதாது, வீட்டுப் பாத்திரத்திலிருந்து கிருமி வரும் என்று உட்கார வைத்துச் சொல்வேன். பிறகு அவர்கள் கையில் லோஷனைக் கொடுத்து, அம்மாவின் பாதத்தில் தடவச் சொல்வேன். நெற்றியில் திருநீறு பூசலாம். கற்பூரம் மட்டும் கூடாது; ஆக்சிஜன் ஓடும் இடத்தில் நெருப்பே ஆகாது.

## குழாய் அடைத்துக்கொண்டது

முதலில் வெளியே பாருங்கள்: மடங்கியிருக்கிறதா, கிளிப் மூடியிருக்கிறதா. இல்லை என்றால், 50 அல்லது 60 மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை எடுத்து, மெதுவாகத் தள்ளி, மெதுவாக இழுத்து, சில நிமிடம் ஊறவிட்டு மறுபடி செய்யுங்கள். சிறிய சிரிஞ்சு அழுத்தத்தைக் கூட்டிக் குழாயைக் கிழித்துவிடும். கோக் ஊற்றாதீர்கள், அமிலம் பட்டால் உணவிலுள்ள புரதம் திரிந்து அடைப்பு இன்னும் இறுகும். நீரால் முடியாவிட்டால் சோடா உப்போடு கணைய நொதி கலந்து விடும் முறை இருக்கிறது. அதற்கு மருத்துவர் எழுதித் தர வேண்டும். குழாயைப் போடும்போது அதனுள் இருந்த உள்கம்பியை மறுபடி நுழைக்கவே கூடாது. குழாயைத் துளைத்து இரைப்பையையும் துளைக்கும். இத்தனைக்கும் பிறகு திறக்கவில்லை என்றால் புதுக் குழாய், புது எக்ஸ்ரே.

அடைப்பு வராமல் இருக்க: தொடர் உணவு என்றால் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 30 மில்லி நீர், மருந்துக்கு முன்னும் பின்னும் நீர், ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாக. மெதுவாகக் கரையும் மாத்திரையையும் மேலுறை போட்ட மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. திரவ வடிவம் இருக்கிறதா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். ஃபெனிட்டாயின் உணவோடு சேர்ந்தால் உடலில் சரியாக ஏறாது. எத்தனை மணி நேர இடைவெளி என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

எந்த நீர் என்பதும் முக்கியம். ஏப்ரல் 2022 வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. அதற்குப் பிறகு நான் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு மட்டுமின்றி எல்லா ஐ.சி.யூ. நோயாளிகளுக்கும் கிருமி நீக்கிய நீரையே பயன்படுத்துகிறேன்.

## வயிற்றுப்போக்கு

எல்லாரும் முதலில் உணவின் மேல் பழி போடுவார்கள். உணவை நிறுத்துவதற்கு முன் மருந்துப் பட்டியலைப் படியுங்கள். திரவ மருந்துகள் பலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டால் குடலைக் கழுவிவிடும். மலமிளக்கி எழுதியது நிறுத்தப்படாமல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். சிரிப்பதற்கில்லை, அடிக்கடி நடக்கிறது. மலக்குடலில் கட்டி அடைத்து, பக்கவாட்டில் தண்ணீராக ஒழுகுவதும் உண்டு.

அடுத்து உணவு எவ்வளவு நேரமாகத் தொங்குகிறது? பொடியிலிருந்து கலந்தது 4 மணி நேரத்துக்கு மேல் தொங்கக் கூடாது. டர்பனின் ஜனவரி, பிப்ரவரி புழுக்கத்தில் அந்த விதியில் ஒரு நிமிடமும் தளர்த்த மாட்டேன். திறக்காத மூடிய பை தயாரிப்பாளர் சொன்ன நேரம் வரை போகலாம். இணைக்கும் குழாய்த் தொகுதியை 24 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

ஆன்டிபயாடிக் போகும் நோயாளிக்கு நாளுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் சோதனைக்கு மருத்துவரிடம் சொல்லுங்கள். முடிவு வரும்வரை சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவுங்கள். ஆல்கஹால் திரவம் அந்தக் கிருமியின் வித்தைக் கொல்லாது.

## வென்டிலேட்டர் அலாரம்: அழுத்தம் கூடியது

வெளியிலிருந்து உள்ளே போங்கள். நோயாளி குழாயின் மேல் படுத்திருக்கிறாரா? கடிக்கிறாரா? இணைப்புக் குழாயில் நீர் தேங்கியிருக்கிறதா? அந்த நீரை நோயாளியின் பக்கம் சாய்த்துவிடாமல் வெளியே வடியுங்கள். ஈரப்பத வடிகட்டி சளியில் நனைந்து அடைத்திருக்கிறதா? பிறகு சக்‌ஷன்: முன்பே ஆக்சிஜன் கூட்டி, 15 நொடிக்குள் முடித்து. சலைன் ஊற்றிக் கழுவுவதை வழக்கமாகச் செய்ய வேண்டாம். சக்‌ஷன் குழல் உள்ளே இறங்கவே இல்லை என்றால் சுவாசக் குழாய் அடைத்திருக்கிறது, உடனே அழையுங்கள்.

உதட்டருகே உள்ள குறி உள்ளே போயிருந்து, இடப்பக்க மார்பு ஏறாவிட்டால் குழாய் வலது நுரையீரலுக்குள் இறங்கியிருக்கலாம். இரண்டு பக்கமும் விசில் சத்தம் என்றால் மூச்சுக்குழல் இறுக்கம். ஒரு பக்கம் மூச்சே கேட்காமல், இரத்த அழுத்தமும் விழுகிறது என்றால் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கலாம். அங்கே எக்ஸ்ரேக்குக்கூடக் காத்திருக்க நேரமில்லை.

## வென்டிலேட்டர் அலாரம்: அழுத்தம் குறைந்தது

கழன்ற இணைப்பு. பத்தில் ஒன்பது முறை அதுதான். இல்லை என்றால் கஃப் கசிவு: நோயாளியின் தொண்டையிலிருந்து குரலோ களகள சத்தமோ கேட்கும். உதட்டுக் குறி வெளியே வந்திருந்தால் குழாய் மேலே ஏறிவிட்டது; காற்றை மட்டும் ஏற்றி மூடி மறைக்காமல் அழையுங்கள். புதிதாக மூக்குக்குழாய் போட்ட பிறகு கசிவு தொடங்கினால், அந்தக் குழாய் மூச்சுக்குழலில் இருக்கிறதோ என்று சந்தேகியுங்கள்.

## வென்டிலேட்டரில் வைத்து 48 மணி நேரத்துக்குப் பிறகு காய்ச்சல், சளியின் நிறம் மாறுதல், ஆக்சிஜன் தேவை கூடுதல்

மூன்றும் சேர்ந்தால், வாயின் கிருமி நுரையீரலுக்கு இறங்கி வந்த நிமோனியாவாக இருக்கலாம்; மருத்துவரை அழைக்க வேண்டும். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ஆன்டிபயாடிக் முடிவு எல்லாம் அவருடையவை. செவிலியர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இத்தனை நாளில் வாயை யார் சுத்தம் செய்தது?

எங்கள் பிரிவில் வாய்ப் பராமரிப்புதான் முதலில் கைவிடப்படும் வேலை. ஈஸ்டர் விடுமுறையில் சாலை விபத்து நோயாளிகளால் கட்டில்கள் நிறைந்து, ஆட்களும் குறைவாக இருக்கும்போது, பஞ்சால் உதட்டை ஒற்றிவிட்டு "செய்தாயிற்று" என்று எழுதுவோம். பஞ்சு போதாது. பல்லின் மேல் படியும் படலத்தைத் தேய்த்துத்தான் எடுக்க முடியும். குழந்தைகளின் மெல்லிய பிரஷ், கொஞ்சம் நீர், பக்கத்தில் சக்‌ஷன். பல், ஈறு, நாக்கு, குழாய்க்குப் பின்னால் மறைந்திருக்கும் கடைவாய். முடிந்ததும் கஃபுக்கு மேலே தேங்கியதை உறிஞ்சும் வசதி குழாயில் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். விழித்திருக்கும் ஜூலு நோயாளியிடம் "வூலா உம்லோமோ", வாயைத் திறங்கள், என்று அவர் மொழியில் கேட்டால் கடிக்காமல் திறப்பார். தமிழ்ப் பாட்டிமார் சிலருக்கு "ஆச்சி, ஆ காட்டுங்கள்" என்பது ஆங்கிலத்தைவிட ஆழமாகப் போய்ச் சேருகிறது.

குளோர்ஹெக்சிடின் கொண்டு வாய் கழுவுவதைப் பல வருடம் தவறாமல் செய்தேன். அது பயனைவிடத் தீங்கு செய்யக்கூடும் என்ற ஐயம் வளர்ந்து, 2022-இல் அமெரிக்கத் தொற்றுத் தடுப்பு வல்லுநர்களின் பரிந்துரை அதை விட்டுவிடச் சொல்லி, பிரஷ் தேய்ப்பதை வைத்துக்கொண்டது. உங்கள் பிரிவில் இன்னும் அந்தப் புட்டி இருந்தால் பொறுப்பு மருத்துவரிடம் பேசுங்கள்.

இணைப்புக் குழாய்களை நாள் கணக்கு வைத்து மாற்ற வேண்டாம். அழுக்கானாலோ பழுதானாலோ மாற்றினால் போதும். தினமும் காலையில் மயக்க மருந்தைக் குறைத்து எழுப்பிப் பார்க்கலாமா, குழாயை எடுத்துவிடலாமா என்று ரவுண்ட்ஸில் செவிலியரும் வாய் திறந்து கேட்க வேண்டும்.

## சர்க்கரை திடீரென இறங்கியது

டர்பன் இந்தியக் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. இன்சுலின் ஓடும் நோயாளி எப்போதும் இருப்பார். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பெரியவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போனோம். படுக்க வைக்க வேண்டும் என்பதால் உணவை நான்தான் நிறுத்தினேன். இன்சுலின் பம்ப் கட்டிலோடு கூடவே வந்தது. வரிசையில் காத்திருந்து திரும்ப ஒன்றரை மணி நேரம். திரும்பியதும் சர்க்கரை லிட்டருக்கு 1.9 மில்லிமோல் (இந்தியக் கணக்கில் சுமார் 34 மில்லிகிராம்). மயக்க மருந்தில் இருந்தவருக்கு நடுக்கமும் தெரியவில்லை, வியர்வையும் எங்கள் கண்ணில் படவில்லை. குளுக்கோஸ் ஏற்றி அவர் தப்பித்தார். அன்றிலிருந்து உணவுப் பம்பை அணைக்கும் என் கை, இன்சுலின் பம்பைத் தொடாமல் திரும்புவதில்லை.

எனவே சரிபார்க்கும் வரிசை: உணவு ஓடுகிறதா, குழாய் அடைத்ததா, யாராவது நிறுத்தினார்களா, இன்சுலின் அளவு யாராவது மாற்றினார்களா. 4 மில்லிமோலுக்கு (சுமார் 72 மில்லிகிராம்) கீழே என்றால் விதிப்படி குளுக்கோஸ் கொடுத்து மருத்துவருக்குச் சொல்லுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

## உணவு தொடங்கிய மூன்று நாளுக்குள் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் இறங்குகின்றன

நெடுநாள் பட்டினி கிடந்த உடல் திடீர் உணவைத் தாங்க முடியாத நிலை இது. காசநோயாலும் எச்.ஐ.வி.யாலும் மெலிந்தவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், எடை வேகமாக இழந்தவர்கள் என்று டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இவர்களை அடிக்கடி பார்க்கிறோம். முதல் 72 மணி நேரம் தினமும் இரத்தப் பரிசோதனை போகிறதா, தயமின் உணவுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்பேட் 0.65 மில்லிமோலுக்குக் கீழே போனால் அது அழைக்க வேண்டிய எண். உணவை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். இதயத் துடிப்பு தடுமாறுவதைக் கண்காணியுங்கள்.

## தோலில் புண், கண்ணில் வறட்சி

மூக்கு ஓரம், உதட்டு மூலை, காது மடல், குதிகால். முதுகை எல்லாரும் பார்ப்பார்கள். இந்த நாலும் மறைந்துவிடும். மூக்குக்குழாயின் பிளாஸ்திரியைத் தினமும் மாற்றி, குழாய் ஒரே இடத்தில் அழுத்தாதபடி ஒட்டுங்கள். சுவாசக் குழாயை வாயின் மறுபக்கம் மாற்றும்போது இரண்டு பேர் வேண்டும். புரட்டுவதற்காகச் சற்று நேரம் படுக்க வைத்தால், தலைமாட்டை உயர்த்தியதும் உணவைத் திரும்பத் தொடங்குங்கள். மறந்துபோன பம்ப்தான் அதிகம். இமை முழுதாக மூடாவிட்டால் கண் களிம்பு. கருவிழியில் வெண்மை தெரிந்தால் கண் மருத்துவர்.

காப்புக் கயிறு கட்டிய கை வீங்கினால் குடும்பத்தாரைக் கேட்டுவிட்டு அவிழ்த்து, தலையணை உறையில் பின் குத்தி வையுங்கள். கேட்காமல் வெட்டாதீர்கள்.

## நோயாளி குழாயைப் பிடுங்குகிறார்

கையைக் கட்டுவதற்கு முன் காரணம் தேடுங்கள். வலியா? சிறுநீர்க் குழாய் அடைத்து மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா? மூக்கில் உறுத்துகிறதா? எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பயமா? அவர் மொழியில் பேச ஒருவரைக் கூப்பிடுங்கள். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் வீட்டிலிருந்து வரட்டும். மூக்குக்குழாய் பாதி வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். பம்பை நிறுத்திவிட்டு, முழுதாக எடுத்துப் புதிதாகப் போட்டு எக்ஸ்ரே பார்க்க வேண்டும். சுவாசக் குழாய் வெளியே வந்துவிட்டால் முகமூடியோடு ஆம்பூ பை, உதவிக்குக் குரல். மூக்குக்குழாய் உள்ளேயே இருந்தால் அதன் வழியாக இரைப்பையைக் காலி செய்யுங்கள்.

## மின்சாரம் போனது

2023-இல் சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கற்றது இது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளில் வென்டிலேட்டர் தன் பேட்டரியில் ஓடும். ஓடுகிறதா என்று நோயாளியின் மார்பைப் பாருங்கள். உணவுப் பம்ப் நின்றிருக்கலாம், இன்சுலின் பம்ப் ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சுவர் சக்‌ஷன் இழுக்கவில்லை என்றால் காலால் மிதிக்கும் சக்‌ஷன் எங்கே என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஷிஃப்ட் எடுத்துக்கொள்ளும்போதே மூன்றைத் தொட்டுப் பார்த்துவிடுகிறேன்: வென்டிலேட்டரின் பிளக் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கிறதா, பம்புகளின் பேட்டரி நிறைந்திருக்கிறதா, தலைமாட்டில் ஆம்பூ பை ஆக்சிஜனோடு இணைந்து தொங்குகிறதா.